ஒரு தண்டு நறுக்கி முடிக்கும் வரை

நல்ல வாழைத்தண்டு. இன்றைக்குப் பார்த்தா இவ்வளவு நல்ல தண்டு வந்து அமைய வேண்டும். மேல்பட்டை ரெண்டை உரித்ததும் உள்ளே வெள்ளைவெளேரென்று ஈரமாக நிற்கிறது, கத்தியை வைத்தால் தானே இறங்குகிறது. ஒரு வில்லை, அதை இழுத்தால் நூல் மாதிரி நார், நாரை ஆட்காட்டி விரலில் ஒரு சுற்று, வில்லை மோர்த்தண்ணீரில். அடுத்த வில்லை. மோல்மேன் கடையில் காலை பத்து மணிக்கு மேல் இதுதான் என் வேலை, இதுதான் என் மூலை, கல்லாவுக்கும் அடுப்புக்கும் நடுவில், சாய்கிற இடத்தில் சுவர்ச் சுண்ணாம்பு என் முதுகு அளவுக்குத் தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. யாரும் என்னை வேலைக்கு வைக்கவில்லை. சங்கிலிமுத்து அண்ணன் ஒருநாள், "சும்மா வாயடிச்சுக்கிட்டுதானே உக்காந்திருக்கே வைரக்கண்ணு, கைக்கும் ஏதாவது குடு" என்று கத்தியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவர் செத்து இருபது வருஷம் ஆகிறது, கத்தியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இன்றைக்கு யாருக்காக நறுக்குகிறேன் என்றால் அதற்குப் பதில் கிடையாது. ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. உள்ளே நானும் செங்கமலமும்தான். அண்ணனுடைய ஒரே மகள், ஐம்பத்துநாலு வயசு, எனக்கு இன்னும் பாப்பாதான், அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். பெரிய சட்டி கொதிக்கிறது. கல்லா மேல் உப்பு ஜாடிக்கு அடியில் அந்தத் தாள், மின்விசிறிக் காற்றுக்கு ஒரு ஓரம் எழும்பி எழும்பி அடங்குகிறது. பன்னிரண்டு மணிக்குள் அதில் கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுத்தால் நாளைக்குக் கடை திறக்கும். போடாவிட்டால் லைசென்ஸ் கிடையாது, கட்டடத்துக்காரர் மதியம் பூட்டோடு வருகிறார், அப்புறம் பர்மா காலனியில் மோல்மேன் கடை என்று ஒன்று இருந்தது என்று சொல்ல வேண்டியதுதான். போட மாட்டேன் என்கிறாள். என் வாயில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைச் சொன்னால் போட்டுவிடுவாள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன் என்று பேர் வாங்கிய நான் அறுபது வருஷமாக அந்த ஒன்றை மட்டும் மூடி வைத்திருக்கிறேன். தண்டு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். இன்னும் ஒன்றரை முழம் இருக்கிறது. ஒன்றரை முழம் என்பது கொஞ்சமா என்ன.

தாளில் எழுதியிருப்பதில் அநியாயம் ஒன்றுமில்லை. தினமும் சட்டியைக் காலி செய்து கழுவிக் கவிழ்ப்பேன், முதல்நாள் சாற்றை மறுநாள் சாற்றில் ஒரு சொட்டும் கலக்க மாட்டேன், இப்படிக்கு. அவ்வளவுதான். எந்த ஓட்டல்காரனும் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். இங்கேதான் முடியாது. இங்கே சாயந்திரம் கடை கட்டும்போது ஒரு கரண்டி சாற்றை எவர்சில்வர் தூக்கில் எடுத்து, கொதிக்கவிட்டு, மூடி வைத்து, மறுநாள் புதுச் சாறு பொங்கி வருகிற நேரத்தில் அதில் ஊற்ற வேண்டும். அதற்குத் தாய்க்கரண்டி என்று பேர். மீனும் தண்டும் வறுத்த கடலைமாவும் எலுமிச்சைப் புல்லும் யார் வேண்டுமானாலும் போடலாம், தாய்க்கரண்டி விழுகிற வரைக்கும் அது வெறும் மீன் குழம்பு, விழுந்த பிறகுதான் மொய்ங்கா. சேமியா மாதிரி நூடுல்ஸைக் கிண்ணத்தில் போட்டு அதன் மேல் ஊற்றிக் கொடுத்தால் காலனியில் பேச்சு நின்றுபோகும். தாய்க்கரண்டியைத் தொடங்கியது கமலத்தின் அம்மா, மாகின் அக்கா. பர்மாக்காரி. ரேஷன் கார்டில் மாரியம்மாள். அந்த அம்மாளின் அம்மா மோல்மேனில் போட்ட நாப்பி, மீனை உப்பில் ஊறவைத்து இடித்த விழுது, பர்மாவிலிருந்து எங்களை விரட்டினபோது கப்பலில் வந்தது, அதில் ஒரு கரண்டி முதல் சட்டியில் விழுந்தது, அந்தச் சட்டியிலிருந்து ஒரு கரண்டி அடுத்த சட்டியில், இப்படியே நேற்று வரைக்கும். ஆயிரம் தடவை நீர்த்துப் போயிருக்கும், போகட்டுமே, கயிறு மாதிரி ஒரு முனை இங்கே இருந்தால் மறுமுனை மோல்மேனில் ஒரு கிழவியின் கையில். அப்படித்தான் காலனி நம்புகிறது. அப்படித்தான் கமலம் நம்புகிறாள். நார் விரலில் இறுகுகிறது. ரத்தம் ஏறாத விரல் நுனி மெழுகு மாதிரி இருக்கிறது, குத்திப் பார்த்தேன், வலி இல்லை. இந்த வயசில் ஒவ்வொரு துண்டாக இப்படித்தான் மரத்துப் போகுமோ, முதலில் விரல், அப்புறம் கை, கடைசியில் நாக்கு. நாக்குக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினை.

அந்த ஆளும் நாக்கைத் தேடித்தான் வந்தான். தாடியும் தொப்பையுமாக, ஒரு கையில் போன், ஒரு கையில் குச்சி. ஊர் ஊராய்ப் போய்ச் சாப்பிட்டு வீடியோ போடுகிறவனாம். இரண்டு கிண்ணம் மொய்ங்கா, ஒரு தட்டு அத்தோ நூடுல்ஸ், முட்டையைப் பிளந்து வெங்காயம் திணித்தது நாலு, எல்லாம் உள்ளே தள்ளிவிட்டு, "தாத்தா, இந்த டேஸ்டோட ரகசியம் என்ன?" என்றான். கமலம் அடுப்படியில் இருந்தாள். கேட்டது என்னை. "கேமராவப் பாத்துச் சொல்லுங்க தாத்தா" என்றான். பார்த்தேன். சொன்னேன். இந்தச் சாறு கப்பலில் வந்தது தம்பி, அறுபது வருஷமாகச் சட்டி காலியானதே இல்லை, நீ இப்போது குடித்ததில் ரங்கூன் துறைமுகத்துத் தண்ணீர் இருக்கிறது. சுங்கக்காரன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, ஜாடியில் என்ன என்று கேட்டான், ஒரு வாய் குடித்துப் பார் என்றாள் எங்கள் அக்கா, குடித்தவன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அம்மா என்று அழுதான், சல்யூட் அடித்துக் கப்பலேற்றினான். அவன் வாயைப் பிளந்தான். அந்தப் பிளந்த வாய்க்காகத்தானே நான் இத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறேன். இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். கப்பல் நடுக்கடலில் போகும்போது ஒரு திமிங்கலம் வாசனை பிடித்துக்கொண்டு பின்னாலேயே நாலு நாள் வந்தது என்றேன். இருபது லட்சம் பேர் பார்த்தார்களாம். திமிங்கலத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை, எல்லோரும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். அறுபது வருஷப் பழைய சாறா? அதைக் குடித்தவன் உயிரோடு இருக்கிறானா? கீழே எழுதிக்கொண்டே போனார்கள், யாரோ புகார் கொடுத்தார்கள், உணவுப் பாதுகாப்பு ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்தாள். தப்பாகச் சொல்லக் கூடாது, பொறுமையான அம்மா. அடுக்களையை மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, "ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க, அந்தப் பழசு மட்டும் வேணாம்மா, எழுதிக் குடுத்துடுங்க" என்றாள். கமலம் என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். "வீடியோவுல நல்லாத்தான் இருந்தீங்க மாமா, சட்டைப் பொத்தான்தான் மேல கீழ போட்டிருந்தீங்க" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பொத்தான் ஒவ்வொரு காலையும் சட்டை போடும்போது கையில் தட்டுகிறது.

ஷட்டருக்கு அடியில் இரண்டு கால். கைலியும் தேய்ந்த செருப்பும், டெய்லர் காதர்மைதீன். பர்மாவில் தட்டோன் ஊர்க்காரன், எங்களுக்கு அடுத்த வருஷக் கப்பலில் வந்தவன். குனிந்து தலையை உள்ளே நீட்டினான். "கடை உண்டா இல்லியா?" "இல்ல" என்றாள் கமலம் திரும்பாமல். "அப்ப என்ன கொதிக்குது?" "எங்க வயிறு" என்றேன். "உன் வயிறு கொதிச்சா நாத்தம்ல அடிக்கும், இது வாசமால்ல இருக்கு" என்று உள்ளே புகுந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கமலம் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். ஊதி ஊதிக் குடித்தான். "கையெழுத்தப் போட்டுத் தொலையேன் தாயி" என்றான் கிண்ணத்தைப் பார்த்தபடி. "போட்டுட்டு சாயந்திரம் ஒரு கரண்டி எடுத்து வச்சுக்க. யாரு வந்து சட்டிக்குள்ள தலைய விடப்போறா?" அதையேதான் நானும் போன வாரம் சொன்னேன். அப்போது சொன்ன பதிலையே சொன்னாள்: "பொய் சொல்ல நான் என்ன, மாமாவா?" காதர்மைதீன் சிரித்தான், நானும் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. "தாய்க்கரண்டிய வீட்ல வச்சுக்கிட்டு இங்க புதுசா வை" என்றான் அவன். "அப்ப வீட்ல கொதிக்கிறது எங்கம்மா சாறு, இங்க கொதிக்கிறது யாரு சாறு? போர்டுல யாரு பேர எழுதுறது? அம்மா கண்ண மூடுறப்ப என்ன சொல்லிச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? பர்மாவுல நகைய புடுங்கிக்கிட்டான், வீட்ட புடுங்கிக்கிட்டான், அம்மாவுக்கு அதோட ஆத்தாகிட்ட இருந்து ஒரு கடுதாசி வரல, கடைசி வரைக்கும் வரல. சட்டி காலியாகக் கூடாது பாப்பா, அது ஒண்ணுதான் எங்க வீட்லருந்து வந்ததுன்னுச்சு. அத நானே கழுவி ஊத்திட்டேன்னு எழுதிக் குடுக்கணுமா?" காதர்மைதீன் வாயைத் துடைத்துக்கொண்டான். போகும்போது கிண்ணத்தைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். இத்தனை வருஷத்தில் அவன் கிண்ணம் கழுவி நான் பார்த்ததில்லை. ஒரு முழம் ஆகிவிட்டது. அரை முழம் மீதி. கடிகாரத்தில் பதினொன்று தாண்டுகிறது.

என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற இந்தச் சுவர் ஒரு காலத்தில் முழுக்கக் கரி. அடுப்புக்கரியால் எழுதிய பேர்கள். ஒவ்வொரு கப்பல் வரும்போதும் இறங்கினவர்களை முதலில் இங்கேதான் கூட்டிவருவோம், ஒரு கிண்ணம் கையில் கொடுப்போம், குடித்துவிட்டு எழுந்து சுவரைப் பார்ப்பார்கள். பெகுவிலிருந்து வந்த கொத்தனார் சின்னையா பிள்ளைகள் இருந்தால் கும்மிடிப்பூண்டி முகாமுக்கு வரவும். தொங்குவா ஊர் ராமாயி, உன் அண்ணன் திருச்சியில். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் படித்துச் சொல்வேன். பேர் இல்லாதவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. கதை கட்ட அப்போதுதான் ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். சொர்ணத்தம்மா என்று ஒரு கிழவி, தம்பியைத் தேடி வந்தவள், சுவரில் அவன் பேர் இல்லை. நான், "இருக்கே, அடுத்த கப்பல்ல வர்றானாம், உங்களுக்குப் பச்சைக்கல் தோடு எடுத்து வச்சிருக்கானாம்" என்று படித்தேன். தோடு என்றதும் அவளுக்குப் பல் தெரிந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு கப்பலுக்கும் துறைமுகத்துக்குப் போனாள். கப்பல் வருவது நின்ற பிறகும் போனாள். சுவருக்கு வெள்ளையடித்தபோது அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லிக் கெஞ்சினாள், எந்த இடம் என்று கேட்டார்கள், என்னைக் காட்டச் சொன்னாள். வெறும் சுவரில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அங்கே மட்டும் ஒரு சாண் கறுப்பாக விட்டார்கள். அவள் போன பிறகு அதையும் அடித்துவிட்டார்கள். சத்தியமாக நல்லதுக்குத்தான் சொன்னேன். எல்லாம் நல்லதுக்குத்தான். வில்லையில் ஒரு கறுப்புப் புள்ளி, கிள்ளி எறி. சாற்றில் ஏன் இன்றைக்கு இவ்வளவு வாசம், அல்லது என் மூக்கு கடைசியாக ஒருமுறை சரியாக வேலை செய்கிறதா.

இந்த வாசத்தைத்தான் நான் அன்றைக்கு நாற்றம் என்றேன். பதினெட்டு வயசு. கப்பலின் மேல்தளத்தில் படுத்தால் புரள முடியாத கூட்டம், எங்கள் பாய்க்கு அடுத்த பாய் சங்கிலிமுத்து அண்ணனும் மாகின் அக்காவும். கல்யாணம் ஆகி ஒரு வருஷம். அக்காவுக்கு இருபத்திரண்டு இருக்கும், தமிழ் பத்து வார்த்தை தெரியும். காதில் தோடு இருந்த ஓட்டையில் துடைப்பக் குச்சி. சுங்கத்தில் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தவன் அந்த ஜாடி கிட்டே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு போ போ என்று கையை வீசினான், யாரும் குடிக்கவுமில்லை அழவுமில்லை. அப்படித்தான் ஜாடி தப்பித்தது. வாயைச் சிவப்புத் துணியால் கட்டி மடியிலேயே வைத்திருந்தாள். வெயில் ஏற ஏற அது பேச ஆரம்பித்தது. இரண்டாம் நாள் எங்கள் அம்மாவுக்குக் குமட்டல், பக்கத்துப் பாய்க்காரர்கள் முணுமுணுப்பு. நான்தான் சத்தமாகச் சொன்னேன், "என்ன நாத்தம் இது, தூக்கிக் கடல்ல போடுங்க." அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள், திட்டுகிறேன் என்றே புரியவில்லை. ஜாடியின் தலையில் தட்டி, "மூடி இருக்கு தம்பி. அடங்கிடும்" என்றாள். மூன்றாம் நாள் விடிகிற நேரம் அவள் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், ஜாடி மடியிலிருந்து நழுவிப் பாயில். எடுத்தேன். கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டினேன். கனம். அந்தக் கனம் இன்றைக்கும் இந்த மணிக்கட்டில் இருக்கிறது, மழைக்காலத்தில் வலிக்கிறது என்று டாக்டரிடம் காட்டினேன், எலும்புத் தேய்மானம் என்றார். விட்டேன். சத்தம்கூட மேலே வரவில்லை. விழித்திருந்த இரண்டு பேர் பார்த்தார்கள், ஒருத்தன் கண்ணடித்தான், நான் பெரிய வீரன் மாதிரி மார்பை நிமிர்த்தினேன். கட்டியிருந்த துணி மட்டும் என் கையோடு வந்துவிட்டது, அதைப் பாயிலேயே போட்டுவிட்டேன். அக்கா எழுந்து இரண்டு நாள் தேடினாள். ஒவ்வொரு பாயாகப் போய், கையை ஜாடி மாதிரி வளைத்துக் காட்டி, "அம்மா, அம்மா" என்று கேட்டாள், அம்மா கொடுத்தது என்று சொல்ல வார்த்தை இல்லை. என்னிடமும் கேட்டாள். நானும் உதட்டைப் பிதுக்கினேன். அப்புறம் அழவில்லை. அந்தச் சிவப்புத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு சென்னை வரும்வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். பின்னால் திமிங்கலம் எதுவும் வரவில்லை.

முகாமில் அவள் சாப்பிடவில்லை. சங்கிலிமுத்து அண்ணன் தட்டை வைத்துக்கொண்டு எதிரில் குந்தியிருப்பார், அவள் தட்டைப் பார்ப்பாள், அவ்வளவுதான். "இவ என் கையில செத்துருவா வைரக்கண்ணு" என்று என்னிடம் வந்து சொன்னார். வேறு யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம். காசிமேட்டுக்கு நடந்தே போனேன். கருவாடு, சென்னாக்குனிப் பொடி இறால், கல்லுப்பு. கல்லில் வைத்து இடித்து, ஈரத்துணியில் கட்டி, நாலு நாள் வெயிலிலும் பனியிலும் மாற்றி மாற்றி வைத்து, முகாமில் கொடுத்த பால்பவுடர் டின்னில் அடைத்தேன். கொண்டுபோய் நீட்டினேன். ஜாடி ராத்திரியில் உருண்டு போச்சுக்கா, கவிழ்ந்ததைக் கொஞ்சம் அள்ளி வைத்தேன், பயத்தில் சொல்லவில்லை என்றேன். அண்ணன் அதை பர்மா பாஷையில் சொன்னார். அவள் டின்னைத் திறந்தாள். ஒரு விரலில் எடுத்து மோந்தாள். நாக்கில் வைத்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் சொன்ன எந்தக் கதையிலும் இந்த இடம் வராது, இந்தப் பார்வையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, அறுபது வருஷமாகத் தெரியவில்லை. நம்பினாளா? காசிமேட்டுக் கருவாட்டை மோல்மேன்காரிக்குத் தெரியாதா? தெரிந்தும் அன்றைக்கு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பிடித்துக்கொண்டாளா? அப்படியானால் சாகும்போது மகளிடம் ஏன் அப்படிச் சொன்னாள்? அப்படிச் சொன்னாள் என்றால் நம்பியிருக்கிறாள். நம்பியிருந்தால் நான்... கத்தி நின்றுவிட்டது. ஓட்டு. அன்றைக்குச் சாயந்திரம் சாப்பிட்டாள். மறு வருஷம் முகாமை விட்டுக் காலனிக்கு வந்து இந்தச் சுவரோரம் கீற்றுக்கொட்டகை போட்டபோது அந்த டின்னிலிருந்து ஒரு கரண்டி முதல் சட்டியில் போட்டாள். கையைக் கூப்பிவிட்டுப் போட்டாள். மோல்மேன் கடையின் மோல்மேன், காசிமேட்டில் மீன்காரி ஒருத்தி பழைய தாளில் மடித்துக் கொடுத்த பொட்டலம். இதுதான் அந்த வாக்கியம். நான் கட்டின பொய் மேல் கடை நின்றது, அந்தப் பொய்யை நானே கேமராவில் சொன்னதில் கடை விழுகிறது. சொன்னால் கமலத்துக்கு அம்மாவிடமிருந்து வந்தது ஒன்றும் மிச்சமில்லை, கடை மிச்சம். சொல்லாவிட்டால் அது மிச்சம், கடை இல்லை. நாளைக்குக் காலை பத்து மணிக்கு நான் எங்கே போவேன்? உண்மையைச் சொல்ல நினைப்பதுகூட அவளுக்காகவா, இந்த மூலைக்காகவா? கடைசி வில்லை. கட்டை மாதிரி அடித்துண்டு. இதைத் தூரப் போட வேண்டியதுதான். தண்டு முடிந்தது. பதினொன்றே முக்கால்.

"கமலம்."

"ம்."

"அந்தச் சாறு கப்பல்ல வரல."

கரண்டி சட்டியின் விளிம்பில் நின்றது. சொன்னேன். ஜாடியை நான் எடுத்தேன், கடலில் போட்டேன், காசிமேட்டில் கருவாடு வாங்கினேன், டின்னில் அடைத்துக் கொடுத்தேன். நாலே வரி. ஜோடனை எதுவும் வரவில்லை, வார்த்தை ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது. "அதனால கழுவி ஊத்தறதுல ஒண்ணுமில்ல பாப்பா. கையெழுத்தப் போடு. ஆட்டோ புடிச்சா பத்து நிமிஷம்."

திரும்பினாள். முகத்தில் சாற்றின் ஆவி. சிரிக்கிறாள். இந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரிக்கிறாள்.

"மாமா, திமிங்கலம் வந்துச்சுன்னீங்க, நம்புனேன். கேப்டன் உங்க கையில சுக்கானக் குடுத்துட்டுத் தூங்கப் போனாருன்னீங்க, அதையும் நம்புனேன். எனக்காகக் கட்டுற கதைய இன்னும் கொஞ்சம் நல்லாக் கட்டக் கூடாதா? எடுத்தேன், போட்டேன், வாங்குனேன். உசுரே இல்லியே இதுல."

"உங்கம்மா மேல சத்தியம்."

"திமிங்கலத்துக்கும் எங்கம்மா மேலதான் சத்தியம் பண்ணீங்க."

"கமலம், நெசமாத்தான் சொல்றேன்."

"தெரியும் மாமா. கடைக்காக எம்மேல இருக்கற பாசத்துல சொல்றீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா சொல்லும். வைரக்கண்ணுதான் கொண்டாந்தான், அவன் இல்லாட்டி நான் இல்லன்னு. அதையே இல்லேன்னு சொல்லிக் கடைய நிறுத்தப் பாக்குறீங்க. யாரு செய்வா?"

நான் என்னென்னவோ சொன்னேன். துணியின் நிறம் சிவப்பு என்றேன். பால்பவுடர் டின் என்றேன். சொல்லச் சொல்ல அவளுக்கு என் மேல் பிரியம் ஏறிக்கொண்டே போனது. கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியதை இரண்டு பேரும் பார்த்தோம், இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தோம். அப்புறம் அவள் தூக்கை எடுத்து, ஒரு கரண்டி சாறு ஊற்றி, மூடியை இறுக்கி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வைத்தாள். "இனி கோயம்புத்தூர்ல மகன் வீடுதான், மருமக முட்டையே சேக்காது. அங்க இதக் கொண்டுபோயி நான் எங்க வைப்பேன்? நீங்கதானே கொண்டாந்தீங்க. நீங்களே வச்சுக்கோங்க. தெனம் ஒரு கொதி விட்டாப் போதும்." பிறகு பெரிய சட்டியை இரண்டு துணியால் பிடித்துச் சாய்த்தாள். சாறு சாக்கடைக் குழியில் இறங்கியது, தண்டும் மீனும் எலுமிச்சைப் புல்லும், கடைசியில் மஞ்சளாக ஒரு நீளக் கோடு. தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். தாளில் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தாள். மோர்த்தண்ணீரில் வில்லைகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றை என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. விரலில் இருந்த நாரைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை, அப்படியே எழுந்தேன்.

கால்வாய்ப் பாலத்தில் நின்றேன். தூக்கு தொடைமேல் சுடச்சுட இடிக்கிறது. கீழே கறுப்புத் தண்ணீர், அதன்மேல் பிளாஸ்டிக், செருப்பு, ஒரு தலையணை. கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டினேன். இந்தக் கைக்கு வழி தெரியும், எவ்வளவு நீட்ட வேண்டும், எப்போது விரலைத் திறக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். இப்போது விட்டால் முதலில் போட்டதும் கடைசியில் போட்டதும் நான்தான் என்று ஆகும், நடுவில் இருந்த அறுபது வருஷமும் யாருக்கும் இல்லை. ஒரு பஸ் போனது, பாலம் அதிர்ந்தது. விரல் திறக்கவில்லை. நாரோ பயமோ, ஏதோ ஒன்று. வீட்டுக்கு வந்தேன். என் அறையில் ஒரு சின்ன அடுப்பு, ஒரு சின்னப் பாத்திரம், எதிரில் நான். ஊற்றிப் பற்றவைத்தேன். ஒரு கரண்டிதான், ஆனாலும் கொதி வந்ததும் அறை முழுக்கப் பரவி, ஜன்னல் வழியாக வெளியே போனது. மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கிற பெண் கைப்பிடிச் சுவரிலிருந்து குனிந்தாள்.

"தாத்தா! என்னா நாத்தம் இது? கொழந்த வாந்தி எடுக்குது. தூக்கி வெளிய கொட்டுங்க!"

நிமிர்ந்து பார்த்தேன். வாயில் கப்பல், திமிங்கலம், துப்பாக்கிக்காரன் எதுவும் வரவில்லை.

"மூடி இருக்கும்மா" என்றேன். "அடங்கிடும்."

மூடியைத் தேடி எடுத்து, பாத்திரத்தின் மேல் வைத்து, அடுப்பைச் சின்னதாக்கினேன்.